மூடிய கண்ணுக்கு மூன்று கேள்விகள்

செப்டம்பர் 9, செவ்வாய்

கருத்து சொல்வது என் வியாதி. ஃபேஸ்புக்கில் சொன்னேன். எச்.ஆரில் கூப்பிட்டு, "நல்ல கருத்துதான் தனபாலன் சார், ஆனா ப்ரொஃபைல்ல கம்பெனி பேரு இருக்கே" என்றார்கள். அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன், மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கோடிங் சொல்லித்தருகிறேன் என்று கிளம்புகிறவன் பித்தலாட்டக்காரன் என்று. அப்படிச் சொல்லித்தருகிற ஒருவர் எங்கள் பி பிளாக்கிலேயே இருக்கிறாராம். கோமதிதான் குழுவின் அட்மின். கட்டிய புருஷன் என்றும் பாராமல் என்னைத் தூக்கிவிட்டாள். ஆகவே இந்த டைரி. இதை யாரும் ஃபார்வர்ட் செய்ய முடியாது.

இன்றைய கருத்து: படிப்பு செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் யாரும் துக்கம் கேட்க வரவில்லை. என் மகள் ஆதிரை பத்தாம் வகுப்பு. அவள் டீச்சர் ஏ.ஐ.யிடம் கேட்டு ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கிறார். இவள் ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதிக் கொடுக்கிறாள். அவர் அதையே ஏ.ஐ.யிடம் கொடுத்துத் திருத்துகிறார். இரண்டு மிஷின்கள் பேசிக்கொள்கின்றன, நடுவில் நான் ஸ்கூல் வேனுக்கு நிற்கிறேன்.

காலேஜ் கதை இன்னும் மோசம். இந்த மாதம் முழுக்க எனக்கு வளாகத் தேர்வு நேர்காணல்தான், எல்லாம் வீடியோவில். பிள்ளைகள் பக்கத்தில் இன்னொரு திரையை வைத்துக்கொண்டு, நான் கேட்பதை அதில் ஓடவிட்டு, வரும் பதிலை வாசிக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆபீசில் அதற்கு 'தனபாலன் விதி' என்றே பெயர். கேள்வி முடிந்ததும் நாலு விநாடி மௌனம். கண் ஒரே பக்கம் போய்த் திரும்பும். பிறகு கோர்வையான பதில். மூன்றும் சேர்ந்தால் ஆள் காப்பி. அப்புறமும் சந்தேகமா, கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லச் சொல். சாயம் வெளுத்துவிடும்.

இன்று விருதுநகர் பக்கத்துக் காலேஜ் ஒன்று. பதினாலு பேரில் மூன்று பேர் மாட்டினார்கள். அதிலும் கனிமலர் என்று ஒரு பெண், சரியான கைகாரி. எது கேட்டாலும் கண் இடப்பக்கம் கீழே போகிறது, நிற்கிறது, வருகிறது. பதிலெல்லாம் கச்சிதம். குரலும் வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே சீராக, கொஞ்சம் சத்தமாக. சோதித்துப் பார்க்க, "அங்க மழை பெய்யுதாம்மா?" என்று கேட்டேன். அதற்கும் கண் இடப்பக்கம் போய் வந்து, "இல்ல சார், வெயில்தான்" என்கிறாள்! ஜன்னலைப் பார்த்துச் சொல்ல வேண்டியதற்கும் ஏ.ஐ. வேண்டியிருக்கிறது.

கண்ணை மூடச் சொன்னேன். மூடினாள். மூன்று கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "போதும், திறங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். திறக்கவில்லை. என்னோடு பேனலில் இருந்த முரளி மைக்கை அணைத்துவிட்டு, "தூங்கிட்டா போல தனா" என்றான். நானும் சிரித்துவிட்டேன். அவளாகக் கண்ணைத் திறந்து நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். படிவத்தில் 'முறைகேடு' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

அந்தக் காலேஜின் ப்ளேஸ்மென்ட் ஆபீசர் இன்பராஜ் மெயில் அனுப்பியிருந்தார். ஏதாவது ஒரு கம்பெனி முறைகேடு என்று எழுதினால், அந்த மாணவரை இந்த வருஷம் வரும் வேறு எந்தக் கம்பெனியின் தேர்விலும் உட்கார விடமாட்டார்களாம். மூன்று பேரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்களாம். பரவாயில்லையே, ஒரு காலேஜாவது ஒழுங்காக நடக்கிறது.

மிக்ஸி ரிப்பேர். கோமதி மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 13, சனி

அப்பா தென்காசியிலிருந்து பொதிகையில் வந்து இறங்கினார். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். தாம்பரம் ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஏல தனபாலா, இங்க நிக்கேன்!" என்றார். நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

காது போய்விட்டது. இரண்டு வருஷமாக டிவி சத்தம் கூடிக்கொண்டே போனபோது தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

"எனக்கெல்லாம் காது நல்லாத்தான் கேக்கு. ஒங்க ஊர்ல எல்லாவனும் வாய்க்குள்ளயே பேசுதான்."

"அப்பா, டாக்டர்கிட்ட போவோம்."

"தாக்கோலா? எந்தத் தாக்கோலு?"

தாக்கோல் என்றால் எங்கள் ஊரில் சாவி. ஆதிரை சிரித்துவிட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். என்ன சிரிப்பென்று அவருக்குத் தெரியாது.

செப்டம்பர் 16, செவ்வாய்

காது டாக்டர். நரம்பு பலவீனமாம். முப்பத்தொரு வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பென்ஷன். காதுக்கு அளவெடுத்துக் கருவி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அப்பா வீட்டுக்கு வந்ததும் கோமதியிடம், "அந்த மிஷின மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள போனா செவிடன்னுல்லா சொல்லுவான்" என்றார்.

"இப்ப மட்டும் என்ன சொல்லுதாங்களாம்?" என்றாள் கோமதி. நல்லவேளை, கேட்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

ஆபீசில் பேச்செல்லாம் ஒரே பேச்சு. முப்பதாம் தேதி ஆட்குறைப்பு லிஸ்ட் வருகிறது. எங்கள் பிரிவில் நாற்பது பேர் போவார்களாம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை முதலில் பார்ப்பார்களாம். எனக்கு நவம்பரில் நாற்பத்தாறு.

முரளி காபிக்குக் கூப்பிட்டுப் போனான். என் மேனேஜர்தான், ஆனால் என்னோடு சேர்ந்தவன். "நீ ஒண்ணும் பயப்படாத தனா. திங்கக்கிழமை இருபத்தொம்பது ப்ரெசென்டேஷன்ல உன் விதியத்தான் மெயினா வைக்கிறேன். இருபத்து மூணு காப்பி கேஸ் புடிச்சிருக்கோம், ஒண்ணுகூடத் தப்பில்ல. இதப் பாத்துட்டு எவனாவது உன்னை அனுப்புவானா?" என்றான்.

இருபத்தைந்து வருஷம் புரோகிராம் எழுதினேன். கடைசியில் என்னைக் காப்பாற்றப் போவது பிள்ளைகளின் கண்ணைப் பார்த்த வேலை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. அப்பா தர்ப்பணம் முடித்து வந்தார். இலைச் சாப்பாடு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். ஆதிரை தன் பழைய போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கியிருக்கிறாள். நாம் பேசுவது அதில் எழுத்தாக ஓடுகிறது, தமிழிலேயே. அதைத் தாத்தாவின் இலைக்கு இடப்பக்கம் தண்ணிச் செம்பில் சாய்த்து வைத்தாள்.

"தாத்தா, வடை இன்னொண்ணு வேணுமா?"

அப்பாவின் கண் இடப்பக்கம் கீழே போனது. நின்றது. திரும்பி வந்தது. "வேண்டாம்ட்டி, வயிறு நெறைஞ்சிட்டு" என்றார், சத்தமாக.

ஆதிரை கைதட்டினாள். கோமதிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பா புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி ஒவ்வொருவராகப் பேசச் சொல்லிப் பேசச் சொல்லி வாசித்தார். "நீ ஒண்ணும் சொல்லலியால?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பாயசம் இறங்கவில்லை. வாயுத் தொந்தரவு.

செப்டம்பர் 22, திங்கள்

ஓம வாட்டர் குடித்தேன். கேட்கவில்லை.

ஆபீசில் ஒரு பழைய பதிவைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் தேதிப் பதிவு. வேறு காரணம் ஒன்றுமில்லை, ப்ரெசென்டேஷனுக்கு வேண்டும். அந்தப் பெண் தலைமுடியை இரண்டு காதும் மறைய இழுத்து வாரியிருக்கிறாள். அதனால் என்ன, இப்போது எல்லாப் பெண்களும் அப்படித்தான் வாருகிறார்கள். கண்ணை மூடிய பிறகு வலது கை ஒரு தடவை காதுப் பக்கம் போய்விட்டு வருகிறது. முடியை ஒதுக்கியிருப்பாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வீட்டில் கொலு வைத்திருக்கிறோம். ஏழு படி. ஐந்தாவது படி ஆடுகிறது, கீழே அட்டை கொடுத்தேன்.

சாயங்காலம் அப்பா ஹாலில் தனியாக இருந்தார். ஸ்டூலில் போன் சாய்ந்திருந்தது. நான் எதிரே உட்கார்ந்து, "அப்பா, கண்ண மூடுங்க" என்றேன். வாசித்துவிட்டு மூடினார்.

"காப்பி வேணுமாப்பா?"

கண்ணை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தபடி இருந்தார்.

"மாத்திரை போட்டாச்சா?"

அதே சிரிப்பு. இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டார். நான் ஏதோ தரப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"போதும்ப்பா, திறங்க." இரண்டு தடவை சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "என்னல, என்னத்தயும் காணோமே. தொறக்கட்டுமா?" என்றார்.

சட்டைப் பையில் ஆதிரையின் சாக்லேட் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தேன். சர்க்கரை வியாதிக்காரர். கோமதியிடம் திட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 24, புதன்

இன்பராஜுக்கு போன் போட்டேன். வேறு ஏதோ விசாரிப்பதுபோல ஆரம்பித்து, கனிமலருக்கு உடம்பில் ஏதாவது கோளாறா என்று கேட்டேன்.

"ஆமா சார். காது ரொம்பக் கம்மி அந்தப் பொண்ணுக்கு. மிஷின் வச்சிருக்கு. ஆனா லேப்டாப்ல வர்ற சத்தம் அதுக்குப் பிடிபடாது. நீங்க பேசுறத போன்ல எழுத்தா ஓடவிட்டு வாசிச்சுக்கும். அவ்வளவுதான் சார் அது வச்சிருந்தது."

"இத ஏன் சார் ஃபார்ம்ல போடல?"

"போட்டோம் சார். மொத ரெண்டு கம்பெனிக்கும் போட்டோம். ரெண்டு பேரும் கூப்பிடவே இல்ல. மூணாவதா ஒங்களுக்குத்தான் போடாம விட்டோம்."

"அப்ப எனக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கலாமே? பத்தாம் தேதியே சொல்லியிருக்கலாமே?" என்று குரலை உயர்த்தினேன். அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

"எப்படிச் சார் சொல்ல? மறைச்சது நாங்க. சொன்னா காலேஜையே ஒதுக்கிருவீங்களோன்னு பயம். அந்தப் பொண்ணு அழுதுச்சு. அதோட அம்மா வேற வந்து, வயித்துப் பொழப்புக்கு இட்லிக்கடை போட்டுப் படிக்க வச்சா நீ காப்பி அடிக்கியான்னு எல்லாரு முன்னாடியும் அடிச்சிட்டாங்க. இப்ப நீங்க ஒரு மெயில் போடுங்க சார். தவறா மார்க் ஆயிருச்சுன்னு ஒரு வரி போதும். வர்ற திங்கக்கிழமை பெரிய கம்பெனி வருது, நூறு பேருக்கு மேல எடுப்பாங்க. பேரு குடுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. அதுக்கப்புறம் இந்த வருசம் பெருசா யாரும் வரமாட்டாங்க."

"அனுப்பிடறேன்" என்றேன். ஒரு வரிதானே.

செப்டம்பர் 25, வியாழன்

மெயில் எழுதிவிட்டேன். ஒரு வரி நாலு வரியானது, திருப்பி ஒரு வரியாக்கினேன். கம்பெனி பெயரில் போகிற மெயில், முரளிக்குத் தெரியாமல் அனுப்பக்கூடாது. காட்டினேன்.

வாசித்துவிட்டு லேப்டாப்பை மூடினான். "சரிதான் தனா. பாவம்தான். ஆனா இப்ப இத அனுப்பினா என்ன ஆகும்? ஒண்ணு தப்புன்னா இருபத்து மூணையும் திருப்பிப் பாக்கணும். திங்கக்கிழமை நான் என்னத்தக் காட்டுறது? செவ்வாக்கிழமை லிஸ்ட். நீயும் இருக்க, நானும் இருக்கேன். நாலு நாள் பொறு. அப்புறம் அனுப்பு, நானே கையெழுத்துப் போடறேன்."

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும்தான் டைம் இருக்காம்."

"காலேஜ்காரன் அப்படித்தான் சொல்வான். கம்பெனி கேட்டா ஒரு பேரு சேக்க மாட்டானா?"

அதுவும் சரிதான். காலேஜ்காரர்கள் எப்போதும் தேதியைக் கொஞ்சம் முன்னாலேயேதான் சொல்வார்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் அப்பாவைக் காதுக்கு இன்னொரு அளவு கொடுக்கக் கூட்டிப் போனேன். வரும் வழியில் சுண்டலுக்குக் கடலை, வெற்றிலை. கேஸ் சிலிண்டர் வந்தது. ஆதிரையின் கணக்கு டெஸ்ட் பேப்பரில் கையெழுத்து. மிக்ஸி ஒருவழியாக வந்துவிட்டது, ஜார் மட்டும் பொருந்தவில்லை. மூன்று மணிக்கு இன்பராஜ் கூப்பிட்டார், மீட்டிங்கில் இருந்தேன். நாலரைக்குக் கூப்பிட்டார். மீட்டிங்கில் இல்லை.

மெயில் ட்ராஃப்டில் இருக்கிறது.

5.40.

செப்டம்பர் 27, சனி

நேற்று கோமதியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மத்தியானம் சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மெயிலு. ஒரே ஒரு மெயிலு. அத அனுப்ப ஒங்களுக்குக் கை வரலியா?"

"வேலை போனா என்ன செய்வ? ஃப்ளாட் லோன், ஆதிரை படிப்பு, அப்பா வைத்தியம்..."

"அப்பாவச் சொல்லாதீங்க. காது கேக்காத புள்ளய காப்பி அடிச்சான்னு எழுதிட்டு, அதே காது கேக்காத மாமாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு அலையுதீங்க. எப்படிங்க முடியுது?"

திரும்பினால் அப்பா நாற்காலியில். கையில் அந்தப் போன். அவள் சொன்னது, நான் சொன்னது, எல்லாம் வரிவரியாக அதில் நிற்கிறது.

"யாருல அந்தப் புள்ள?" என்றார். எனக்குத் தெரிந்து அவர் இவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை.

"ஆபீஸ் விஷயம்ப்பா."

அதையும் வாசித்தார். என்னைப் பார்த்தார். பிறகு போனை ஸ்டூலில் கவிழ்த்து வைத்துவிட்டு டிவியைப் பார்க்க ஆரம்பித்தார். டிவி அணைத்துத்தான் இருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

யாரும் என்னோடு பேசவில்லை. கருத்து ஒன்றுமில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

ப்ரெசென்டேஷன் அமோகம். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கண்ணைக் கவனிக்கிற வேலையை இனி மனிதர்கள் செய்ய வேண்டாமாம், மென்பொருளிலேயே ஏற்றிவிட்டார்களாம். நாலு விநாடி, ஒரு பக்கப் பார்வை, கோர்வையான பதில் என்று எல்லாவற்றையும் அதுவே கணக்கெடுத்து அதுவே டிக் போட்டுவிடும். அடுத்த மாதத்திலிருந்து எல்லாக் கிளைகளிலும். திரையில் பெரிதாக என் பெயர்.

விருதுநகரில் இன்று அந்தப் பெரிய கம்பெனி. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியிருக்கும். நான் கைதட்டு வாங்கியது பத்தே முக்காலுக்கு.

செப்டம்பர் 30, செவ்வாய்

லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. முரளி பெயர் இருந்தது.

அவன் பையை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. "அந்த மெயில இப்பவாவது அனுப்பிடு தனா. கையெழுத்துப் போட எனக்குத்தான் இப்ப அதிகாரம் இல்ல" என்றான்.

11.10க்கு அனுப்பினேன். இன்பராஜ் உடனே கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்தே முடிஞ்சிருச்சு சார். நூத்திப் பத்துப் பேரு. நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், லிஸ்ட்ல பேரில்லன்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை அஞ்சரை வரைக்கும் அந்தப் பொண்ணு என் ரூம் வாசல்லதான் சார் நின்னுச்சு."

மத்தியானம் ஆபீசில் ஆயுத பூஜை. வழக்கப்படி எல்லா லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வேலை போனவர்களின் லேப்டாப்புகளை ஒரு மேஜையில் அடுக்கியிருந்தார்கள், அவற்றுக்கும் வைத்தார்கள். என்னுடையதற்கு வைக்க வந்த பெண்ணிடம் வேண்டாம் என்றேன். "ஏன் சார்?" என்றாள்.

நான் கோழை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். இதை யாரும் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்பதால்தான் எழுதுகிறேன் என்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

அப்பாவுக்குக் கருவி வந்துவிட்டது. குக்கர் விசில் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தார். அப்புறம் ஃபேன் சத்தத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் அவசியத்துக்கு மேல் பேசுவதில்லை. இப்போது கேட்கிறது, ஆனாலும்.

மென்பொருள் குழுவுக்கு எழுதினேன், அந்த விதியை எடுத்துவிடுங்கள், அது தப்பு, காது கேளாதவர்களை அது காப்பி என்று சொல்லும் என்று. அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலை ஏ.ஐ.தான் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு மரியாதை. மீதி இருபத்திரண்டு பேரின் பதிவுகளையும் கேட்டிருக்கிறேன். திறக்கப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்பராஜிடம் வாங்கிய முகவரிக்கு, கனிமலருக்கு ஒரு மெயில் எழுதினேன். தமிழில். என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதினேன், வெள்ளிக்கிழமை ஐந்து மணி உட்பட. மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தடவை எழுதி ஒன்றை அழித்தேன். எங்கள் கம்பெனியில் புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், வேறு இடங்களில் சொல்லிவைத்திருக்கிறேன் என்றும் எழுதினேன். சொல்லித்தான் வைத்திருக்கிறேன். ஆறு பேரிடம். ஒருவனும் திருப்பிக் கூப்பிடவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பதில் வந்திருக்கிறது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"சார், வணக்கம். உங்க மெயில் படிச்சேன். நான் இப்ப சிவகாசில ஒரு காலண்டர் பிரஸ்ல டைப்பிங் வேலைக்குப் போறேன். பரவாயில்ல சார். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. அன்னிக்கு என்னைக் கண்ண மூடச் சொன்னீங்க. அதுக்கப்புறம் என்ன கேட்டீங்க சார்? நீங்க கேட்டது எனக்குத் தெரிஞ்சதா, தெரியாததான்னு தினமும் யோசிக்கிறேன்."

கோமதியிடம் காட்டினேன். வாசித்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டாள்.

அக்டோபர் 8, புதன்

பதிவை மறுபடி திறந்தேன். என் குரலை நானே கேட்பது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரியாது. கேள்விகளை அப்படியே எழுதி அனுப்பினேன்.

ஒன்று: ஆயிரம் பெயர் அகரவரிசையில் இருக்கிறது. ஒரு பெயரைச் சீக்கிரம் எப்படித் தேடுவீர்கள்?

இரண்டு: நீங்கள் எழுதிய புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. முதலில் என்ன பார்ப்பீர்கள்?

மூன்று: இந்த வேலை உங்களுக்கு எதற்கு வேண்டும்?

அக்டோபர் 9, வியாழன்

காலை 8.15க்கு வந்திருந்தது. பிரஸ்ஸுக்குப் போகும் பஸ்ஸில் எழுதியிருக்கிறாள்.

"சார், ஒண்ணு: நடுவுல இருக்கிற பேரைப் பாப்பேன். நமக்கு வேண்டியது அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாத்து, மீதிப் பாதியை விட்டுருவேன். திருப்பித் திருப்பி அப்படியே. பத்துத் தடவைக்குள்ள கிடைச்சிரும்.

ரெண்டு: முதல்ல அவங்ககிட்ட என்ன வித்தியாசமா இருக்குன்னு கேப்பேன். அவங்க தப்பாப் பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சுக்க மாட்டேன்.

மூணு: பேசாமலே செய்யக்கூடிய வேலைன்னு நினைச்சேன் சார்.

சரியா சார்?"

ஆபீசில் என் இடத்தில் உட்கார்ந்துதான் வாசித்தேன். சுற்றி ஆள் இருந்தார்கள். பரவாயில்லை, அழுதேன். பிறகு எழுதினேன்: "மூன்றும் சரி கனிமலர். அன்று நான் நேர்காணல் செய்த மற்ற பதின்மூன்று பேரில் யாரும் இப்படிச் சொல்லவில்லை. நீங்கள் தேறிவிட்டீர்கள்."

நாலு விநாடிகூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது.

"தேங்க்ஸ் சார். இத ஒரு பேப்பர்ல எழுதி, உங்க கையெழுத்துப் போட்டு போஸ்ட்ல அனுப்புவீங்களா? மெயில்ல காட்டினா இதயும் நானே எழுதிக்கிட்டேன்னு அம்மா சொல்லுவாங்க."